சிங்கப்பூர் பிரிந்ததும் எதிர் மெஸ்ஸிலிருந்து நான் பிரிந்ததும்

சிங்கப்பூர் ஏன் மலேசியாவோடு சேர்ந்தது, சேர்ந்த இரண்டே வருஷத்தில் ஏன் பிரிந்தது என்று கேட்டால் படித்தவர்கள் பத்துக் காரணம் சொல்வார்கள். நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் போகாதவன். ஆனால் அது சேர்ந்தபோது அங்கே இருந்தேன், பிரிந்தபோதும் அங்கே இருந்தேன். நாற்பது வருஷம் கழித்து ஷார்ஜாவில், ரோலா கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில், அதே மாதிரி ஒரு சேர்க்கையையும் ஒரு பிரிவையும் நானே முன்னின்று நடத்தினேன். ஒரு டைலருக்கு வேளைக்குச் சப்பாத்தி கிடைக்க வேண்டும் என்று சேர்ந்தோம். என் வாயால் பிரிந்தோம். நடுவில் அந்த மனிதனின் கால் இருந்தது.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டுக்கோட்டைப் பக்கம் ஊர். ஒன்பது வயதில் அப்பாவோடு கப்பலேறினேன். அப்பாவுக்குச் சிங்கப்பூரின் வடக்கு முனையில், வெள்ளைக்காரனின் கடற்படைத் தளத்தில், கப்பல் துருச் சுரண்டும் வேலை. பதினாலு வயதில் எனக்கும் அங்கேயே குளிர்சாதனப் பகுதியில் வேலை கிடைத்தது. எவனும் எனக்கு உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும்போது பார்த்த பார்வையிலேயே கற்றுக்கொண்டேன். அந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டு எழுபத்தாறில் துபாயில் இறங்கினேன். இன்றைக்கு ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஏசி ரிப்பேர் கடை, பதினோரு ஆட்கள், இரண்டு பிக்கப் வண்டி. லைசென்ஸ் என் கஃபீல், அதாவது விசா கொடுத்த ஸ்பான்ஸர், பெயரில் இருக்கிறது. அந்த உள்ளூர்க்காரர் தன் சிநேகிதர்களிடம் என்னைக் காட்டி, "இவன் சத்தத்தைக் கேட்டே கம்ப்ரஸருக்கு என்ன நோய் என்று சொல்வான்" என்பார். பொய்யில்லை, சொல்வேன். இந்த வயதிலும் சொல்வேன். மொட்டை மாடிக்கு ஏணியில் ஏறுவதற்குத்தான் முட்டி மறுக்கிறது.

இவ்வளவு இருந்தும் நான் பேச்சிலர் ஃப்ளாட்டில்தான் கிடந்தேன். மனைவி ஊரை விட்டு வரமாட்டேன் என்றுவிட்டாள். மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்து நிமிர்வதற்குள் எனக்கும் குடும்பத்தைக் கூட்டி வருகிற ஆசை அடங்கிவிட்டது. ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு கிச்சன். அதில் ஆறு பேர் இருந்தோம். நாங்களே முறை வைத்துச் சமைத்துக்கொள்வோம். கல்ஃபில் இருந்தவர்களுக்கு இது தெரிந்ததுதான். இதற்கு மெஸ் என்று பெயர். ஆளுக்கு ஒரு நாள் அடுப்பு, ஆளுக்கு ஒரு நாள் பாத்திரம்.

இரண்டாயிரத்து மூன்று வாக்கில் ஒருவன் அபுதாபிக்கு மாறினான். இன்னொருவன் கம்பெனி கேம்ப்புக்குப் போனான். மூன்றாமவன் விசா கேன்சலாகி ஊருக்கே போய்விட்டான். மிஞ்சியவர்கள் மூன்று பேர். நான், பெரம்பலூர் பக்கத்து ஸ்கூல் பஸ் டிரைவர் ஒருவன், அப்புறம் டைலர்.

டைலர் என்னைவிட எட்டு வயது இளையவன். மாயவரம் பக்கம். இருபத்திரண்டு வருஷம் எனக்கு அடுத்த கட்டிலில் படுத்தவன். ரோலாவில் ஒரு கடையில் அரபிப் பெண்களுக்கு அபாயா என்கிற கறுப்பு அங்கி தைப்பான். கறுப்புத் துணியில் கறுப்பு நூலை ஓட்டி ஓட்டிக் கண் கெட்டது என்பான். கண் கெட்டது நூலால் அல்ல, சர்க்கரையால். டாக்டர் வேளைக்குச் சாப்பிடச் சொன்னார், சோற்றைக் குறைத்துக் கோதுமை சாப்பிடச் சொன்னார், காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். இவன் கடையில் உட்கார்ந்தபடியே ஒரு குப்பூஸ் ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றுவிட்டு வேலை பார்ப்பான்.

"குப்பூஸ் மைதாடா தம்பி. டாக்டர் சொன்னது காதுல ஏறுச்சா இல்லையா?"

"காதுல ஏறுச்சுண்ணே. ஆனா சமையல் முறை இன்னைக்கு உங்களுது. நீங்க வந்து சேரவே ராத்திரியாயிடுது."

உண்மைதான். மூன்று பேர் மெஸ் என்றால் மூன்று நாளைக்கு ஒரு முறை அடுப்பு என் தலையில் விழும். ஜூன் ஜூலையில் ஊர் முழுக்க ஏசி நின்றுபோகும். நான் யார் வீட்டு மாடியில் நிற்பேனோ எனக்கே தெரியாது.

எங்களுக்கு நேர் எதிர் ஃப்ளாட்டில் பெரிய மெஸ் ஒன்று இருந்தது. மூன்று ரூம், பதினாலு பேர். அதில் ஒன்பது பேர் இராமநாதபுரம் ஜில்லாவில் ஒரே கிராமத்தவர்கள். மீதி ஐந்து பேர் வேறு வேறு ஊர். அவர்களுக்குச் சம்பளத்துக்கு ஒரு சமையல்காரர் இருந்தார். காலை ஆறு மணிக்குச் சப்பாத்தி, மத்தியானம் டப்பாவில் கட்டிக் கொடுத்துவிடுவார். ராத்திரி எட்டு மணிக்குப் பிளாஸ்டிக் விரிப்பு விரித்தாகிவிடும். ஒரு நாள் தவறாது.

அங்கே சேர்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஆச்சரியம் என்னவென்றால் அவர்களுக்கும் எங்களைச் சேர்த்துக்கொள்ளும் அவசரம் இருந்தது. எங்கள் ஃப்ளாட்டில் மூன்று கட்டில் காலி. கட்டட வாட்ச்மேன், அவரை நாத்தூர் என்போம், அந்த இடத்துக்குக் குடிகாரக் கூட்டம் ஒன்றைக் கொண்டுவரப் பேசிக்கொண்டிருந்தார். போலீஸ் வந்தால் எங்கள் கதவை மட்டுமா தட்டும்? எதிர் மெஸ்ஸின் மேனேஜர் நேராகவே என்னிடம் சொன்னார். அவர் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர், நாற்பத்தைந்து வயது, நிதானமான ஆள், அந்த ஒன்பது பேரில் மூத்தவர்.

"அண்ணே, உங்க ரூம்ல யாரோ எவரோ வந்து ஒக்காந்தா எங்களுக்குத்தான் தலைவலி. எங்க ஊர்ப் பயலுக மூணு பேர் வெளிய நிக்கிறாங்ய. அவங்யள அங்க போட்டுருவோம். சாப்பாடு எல்லாருக்கும் ஒரே எடத்துல. நீங்களும் வந்துருங்க."

இதைக் கேட்டதும் எனக்குள் சிரிப்பு வந்தது. சிங்கப்பூரை மலேசியா சேர்த்துக்கொண்டதும் இப்படித்தான். அந்தச் சின்னத் தீவுக்குத் தண்ணீர் கிடையாது, சரக்கு விற்கச் சந்தை கிடையாது. தண்ணீர் ஜொகூரிலிருந்து குழாயில் வந்தது. வெள்ளைக்காரன் தனியாக விடுதலை தருவதாகவும் தெரியவில்லை. பெரியதோடு சேர்ந்தால்தான் அவன் கையை விட்டு முழுதாக வெளியே வரலாம் என்று தலைவர்கள் பேசினார்கள். அந்தப் பக்கத்துக்காரர்களுக்கோ வேறு பயம். தீவைத் தனியாக விட்டால் செங்கொடிக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள், அப்புறம் வாசலிலேயே வம்பு என்று நினைத்தார்கள். ஒருவனுக்குத் தண்ணீர்த் தேவை, இன்னொருவனுக்கு வாசல் பயம். அன்பால் யாரும் சேரவில்லை. எங்கள் மாடியிலும் அதுதான் நடந்தது.

எங்கள் பஸ் டிரைவருக்கு மட்டும் இஷ்டமில்லை. அவனை மடக்க நான் ஒரு தந்திரம் செய்தேன். சிங்கப்பூரில் சேருவதற்கு முன் ஒரு வாக்கெடுப்பு வைத்தார்கள். எனக்கு ஓட்டில்லை, வயதுமில்லை, குடியுரிமையுமில்லை. ஆனால் பக்கத்து லயன் வீட்டில் ஓட்டுள்ள ஒருவர் வந்து சொன்னது நினைவிருக்கிறது. சீட்டில் மூன்று கட்டம். மூன்றுமே சேருவதற்கு. இப்படிச் சேரலாமா, அப்படிச் சேரலாமா, வேறு மாதிரிச் சேரலாமா என்றுதான் கேள்வி. வேண்டாம் என்று சொல்லக் கட்டமே இல்லை. நானும் டிரைவரைக் கூப்பிட்டு, "தம்பி, மூணு வழி இருக்கு. மூணு வேளையும் அங்க சாப்பிடலாம், ரெண்டு வேளை சாப்பிடலாம், ராத்திரி மட்டும் சாப்பிடலாம். எது வேணும் சொல்லு" என்றேன்.

"சேரவே வேணாம்னா எதுக்குண்ணே கை தூக்குறது?"

"அதுக்கு நீ கையத் தூக்க வேணாம். பாத்திரத்தத் தூக்கு."

டைலர் வாய்விட்டுச் சிரித்தான். டிரைவரும் வேறு வழியில்லாமல் சிரித்தான். சேர்ந்தோம். அவர்கள் ஊர்ப் பையன்கள் மூவர் எங்கள் ஃப்ளாட்டில் வந்து படுத்தார்கள். வேலை கிடைத்ததும் கேம்ப்புகளுக்குப் போய்விடுகிற ஆட்கள், அதனால் அவர்களுக்கு ஓட்டும் முறையும் கிடையாது. மெஸ்ஸில் பதினேழு பேர் ஆனோம்.

முதல் ஐந்து மாதம் நன்றாக இருந்தது. அதை மறைக்கக் கூடாது. டைலருக்குக் காலையில் மூன்று சப்பாத்தி, கூட்டு. சமையல்காரர் அவனுக்கென்று உருளைக்கிழங்கு இல்லாமல் தனியாக ஒரு குழம்பு வைப்பார். யாரும் கேட்கவில்லை, அவராகவே வைத்தார். டாக்டர் ரத்தம் பார்த்துவிட்டு, இப்படியே இருந்தால் மாத்திரையிலேயே ஓட்டிவிடலாம், ஊசி வேண்டாம் என்றார். டைலர் அன்றைக்குக் கடையில் மிஞ்சிய துணியில் எனக்கு ஒரு தலையணை உறை தைத்துக் கொண்டுவந்தான். கறுப்பு உறை. "எதுக்குடா துக்க வீட்டு உறை?" என்றேன். "ஒங்க தலச்சாயம் ஒட்டுனாத் தெரியாதுண்ணே" என்றான்.

வெள்ளிக்கிழமைதான் எனக்கு ஒத்துவரவில்லை.

வெள்ளிக்கிழமை லீவு. ஆட்டுக்கறியோ நெய்மீனோ இருக்கும். அந்த மெஸ்ஸில் ஒரு வழக்கம். வெள்ளிக்கிழமை முதல் பந்தியில் அந்த ஒன்பது பேர்தான் உட்காருவார்கள். மற்றவர்களுக்கு இரண்டாம் பந்தி. பெரிய பாத்திரம் கழுவுவது எப்போதும் மற்றவர்கள். மேனேஜர் பதவி எந்த வருஷமும் அந்தக் கிராமத்தை விட்டு வெளியே போனதில்லை. அதுமட்டுமில்லை. அவர்கள் ஊரிலிருந்து விசிட் விசாவில் எவன் வந்து இறங்கினாலும் வேலை கிடைக்கும் வரை மெஸ்ஸில் சும்மா சாப்பிடலாம்.

நான் இரண்டு மாதம் பார்த்தேன், மூன்று மாதம் பார்த்தேன். எனக்கு யாரும் அப்படிச் சோறு போட்டதில்லை. துபாயில் இறங்கிய முதல் வாரம் கிரீக் உப்பங்கழிக் கரையில் பேரீச்சம்பழத்தைத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்துப் படுத்தவன் நான். அப்படி வந்தவன் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்து எலும்பைக் கடிப்பதா? ஒரு வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

"மேனேஜர் தம்பி, அடுப்பு ஒண்ணு, அரிசி ஒண்ணு. பந்தி மட்டும் ஏன் ரெண்டு?"

"அது ஆரம்பத்துலேருந்து உள்ள வழக்கம்ணே."

"ஆரம்பத்துல நாங்க இல்ல. இப்ப இருக்கோம்ல?"

"இந்த மெஸ் நாங்க ஏற்படுத்துனதுண்ணே. எங்க ஊர்ப் பயலுகளுக்காக ஏற்படுத்துனது. ஒங்கள வரச் சொன்னோம், மரியாதையா வச்சிருக்கோம். வேற என்ன கொற?"

அவர் குரல் உயரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம். நான் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். டைலர் என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தான். ஆனால் எனக்கு வாய் கொஞ்சம் ஓடும். வேலையில் ஜெயித்தவனுக்குப் பேச்சிலும் ஜெயித்தாக வேண்டும் போலிருக்கும்.

அடுத்த வாரத்திலிருந்து அந்த வெளியூர்க்காரர்கள் ஐந்து பேரையும் தனித்தனியாகப் பார்த்தேன். படியில் பார்த்தேன், ரோலாவில் டீக்கடையில் பார்த்தேன். மேனேஜர் பதவியை மாதம் ஒருவராக மாற்ற வேண்டும், பந்தி ஒன்றாக வேண்டும், எல்லாருக்கும் ஒரே முறை என்றேன். ஐவரும் சரி என்றார்கள். நாங்கள் மூவரைச் சேர்த்தால் எட்டு. அவர்கள் ஒன்பது. ஒரு ஓட்டுத்தான் இடைவெளி என்று எனக்கு மகா சந்தோஷம்.

அப்போதே எனக்கு நினைவு வந்திருக்க வேண்டும். சிங்கப்பூரும் இந்தத் தப்பைத்தான் செய்தது. அந்தப் பெரிய நாட்டில் மண்ணின் பிள்ளைகளுக்கென்று சில சலுகைகள் இருந்தன. அதைக் கொண்டுதான் அவர்கள் தங்கள் வீட்டைக் கட்டியிருந்தார்கள். தீவுக்காரர்கள் போய் எல்லாருக்கும் ஒரே உரிமை என்று மேடை போட்டார்கள். பேச்சில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் தீவுக்குள் பேசியதோடு நிற்காமல், கடலுக்கு அந்தப் பக்கம் போய் அங்கேயே தேர்தலில் நின்றார்கள். கிடைத்தது ஒரே ஒரு இடம். ஆனால் அந்த ஒன்று போதும், பெரியவர்களுக்குத் தூக்கம் போய்விட்டது. தீவில் கலவரம் நடந்தது, ஊரடங்கு போட்டார்கள். அப்பா இரண்டு நாள் டாக்யார்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டார். வருவதாகச் சொன்ன பொதுச் சந்தையும் வரவில்லை. வரிப்பங்கில் சண்டை. கடைசியில் அறுபத்தைந்து ஆகஸ்ட்டில் ரேடியோவில் சொன்னார்கள், இனி நாம் தனி நாடு என்று. தீவின் தலைவர் டெலிவிஷனில் அழுதார். எங்கள் லயனில் டெலிவிஷன் இல்லை. அழுதார் என்று பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். ஜெயித்தவன் எதற்கு அழ வேண்டும் என்று எனக்கு அந்த வயதில் புரியவில்லை.

அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். என் அக்காவை ஜொகூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். பாலத்தைத் தாண்டினால் அக்கா வீடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வாங்கிக்கொண்டு போனால் அவள் குழம்பு வைத்துத் தருவாள்.

"அப்ப இனிமே எம் மகள பாக்கப் பாஸ்போர்ட் எடுக்கணுமாடா?"

உடனே அப்படி ஆகவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஆனது. அதற்குப் பிறகு வேலைக்கும் பர்மிட், வெள்ளைக்காரனும் தளத்தை மூடிவிட்டுப் போவதாக அறிவித்தான். அப்பாவுக்கு அந்தப் பக்கத்துக் காகிதமும் இல்லை, இந்தப் பக்கத்துக் காகிதமும் இல்லை. நாங்கள் கப்பலேறி ஊருக்கு வந்தோம். அக்காவை அப்பா அப்புறம் பார்க்கவேயில்லை.

இவ்வளவும் தெரிந்தவன்தான் ஷார்ஜாவில் டீக்கடை டீக்கடையாகப் போய் ஓட்டுக் கேட்டேன்.

ஓட்டெடுப்பு நடக்கவேயில்லை. அந்த ஒன்பது பேரில் ஒரு பிளம்பர், அதே கிராமத்தான், மேனேஜருக்குச் சித்தப்பா மகன். ஒரு ராத்திரிச் சாப்பாட்டில் எல்லார் காதிலும் விழும்படி, "அண்ணன் கேக்குறதுல என்ன தப்பு? மாசத்துக்கு ஒருத்தர் மேனேஜரா இருந்தா என்ன கொறஞ்சு போச்சு?" என்றான். எனக்கு நெஞ்சு விரிந்தது. ஒன்பதாவது ஓட்டு வந்துவிட்டது என்று நினைத்தேன். எதிரில் மேனேஜர் முகத்தைப் பார்த்தவன் டைலர்தான். ரூமுக்கு வந்ததும் சொன்னான்.

"அண்ணே, அவங்க வீட்டுக்குள்ளயே சண்ட மூட்டிட்டீங்க. அவரு இத விடமாட்டாரு."

"நியாயம்னு ஒண்ணு இல்லையாடா?"

"இருக்கட்டும்ணே. எனக்குச் சப்பாத்தியும் இருக்கட்டும்."

அந்த வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மேனேஜர் எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, கோவிச்சுக்கப்படாது. ஒங்க கிச்சன் ஒங்களுக்கு, எங்க கிச்சன் எங்களுக்கு. இந்த மாசத்தோட பிரிச்சுக்குவோம். எங்க பயலுக மூணு பேரையும் கூப்பிட்டுக்கிறேன்."

"பிளம்பர் தம்பி சொன்னதுக்காகவா?"

"அவன் எந் தம்பிண்ணே. ஒங்களுக்காக அவனோட நான் பேசாம இருக்க முடியாது. அதுக்கு நீங்க தனியா இருக்கிறதே மேல்."

போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். வெள்ளிக்கிழமை முதல் பந்தி எதற்கென்றால், அவர்கள் ஊரில் ஒரே ஒரு பெட்டிக்கடையில்தான் போன். ஒரு மணிக்கு ஒன்பது வீட்டுப் பெண்களும் அங்கே வந்து காத்திருப்பார்கள். சாப்பிட்டு ஓடினால்தான் பூத்தில் வரிசை பிடிக்க முடியும். "தனியாக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ணே. நீங்க கேக்கல, ஞாயம் பேசுனீங்க" என்றார்.

பாத்திரம் கழுவுகிற முறைக்கும் மேனேஜர் பதவிக்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பதை இங்கே எழுதியாக வேண்டும். அதில் நான் கேட்டது இன்றைக்கும் நியாயம்தான்.

அந்த வெளியூர் ஐந்து பேரும் அங்கேயே இருந்துகொண்டார்கள். ஒருவர்கூட என்னோடு வரவில்லை. பஸ் டிரைவர் தன் ஸ்கூல் கொடுத்த ரூமுக்கு மாறிவிட்டான். நானும் டைலரும் மிஞ்சினோம். சரி போ, எனக்கென்ன கை இல்லையா என்றேன். ரோலாவில் போய்ச் சப்பாத்திக் கல், கட்டை, கோதுமை மாவு எல்லாம் வாங்கிவந்தேன். பெரிய மெஸ் காணாத சாப்பாடு போடுகிறேன் பார் என்றேன்.

கம்ப்ரஸரைப் பிரித்து மாட்டுகிற கைக்குச் சப்பாத்தி வட்டமாக வரவில்லை. அதைக்கூடச் சமாளிக்கலாம். நேரத்தைச் சமாளிக்க முடியவில்லை. அது ஜூலை. காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். அஜ்மானில் ஒரு வில்லா, கல்பாவில் ஒரு கிடங்கு என்று போன் அடித்துக்கொண்டே இருக்கும். காலையில் மாவு பிசைய நேரமில்லாமல் ஓடுவேன். மத்தியானம் வந்து போடுகிறேன் என்பேன், மூன்று மணியாகும். டைலர் காத்திருப்பான். ஒரு நாளும் குறை சொல்லவில்லை. "இன்னைக்கு நல்லா வந்திருக்குண்ணே" என்பான். அது அப்பளம் மாதிரி இருக்கும். நான் வராத நாளில் பழையபடி குப்பூஸ்.

ஆகஸ்ட் கடைசியில் அவனுடைய வலது கால் பெருவிரலில் ஒரு புண் வந்தது. தையல் மெஷின் மிதியில் உரசியது என்றான். வலிக்கவில்லை என்றான். வலிக்காததுதான் கெடுதல் என்று டாக்டர் சொன்னார். சர்க்கரை ஏறிக் கிடந்தது. புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டுவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வேளைக்குச் சாப்பாடு, வேளைக்கு மருந்து, இது நடக்காவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும், விரலோடு நிற்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார்.

மூன்றாம் மாடிக்கு லிஃப்ட் அன்றைக்கும் ஓடவில்லை. அவனைத் தாங்கிக்கொண்டு ஏறினேன். கட்டிலில் படுக்க வைத்துவிட்டு நேரே எதிர் கதவைத் தட்டினேன். என் வாழ்க்கையில் நான் எவனிடமும் போய் நின்றதில்லை. கஃபீலிடமே கையைக் கட்டிக்கொண்டு நின்றதில்லை.

மேனேஜர் சமையல்கட்டில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். எழுந்து வந்தார்.

"டைலர மட்டும் திருப்பிச் சேத்துக்குங்க தம்பி. அவன் ஒங்கள ஒண்ணும் பேசல. பேசுனது நான்."

"நீங்க வரலையாண்ணே?"

"நான் வரல."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணே, பிரிஞ்ச அன்னைக்கே அவர நாங்க கூப்புட்டோம். சமையல்காரரும் கூப்புட்டாரு. ரெண்டு தடவ கூப்புட்டாச்சு. நீங்க இல்லாம வரமாட்டேன்னுட்டாரு. இப்ப மட்டும் எப்படி வருவாரு?"

எனக்கு இது தெரியாது. இரண்டு மாதமாக என் அப்பளத்தைத் தின்றுகொண்டு, இதை ஒரு வார்த்தை என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறான். புண் மெஷின் மிதியால் வந்ததா, என்னால் வந்ததா?

"வருவான். நான் அனுப்புறேன்" என்றேன்.

திரும்பி வந்து அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். நயமாகச் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

"இத்தன வருஷம் ஒங்களோட இருந்துட்டேன்ணே. இனிமே எங்கண்ணே போறது?"

"எதிர் வீட்டுக்குடா. அமெரிக்காவுக்கா போகச் சொன்னேன்?"

"ஒங்கள வெளிய அனுப்புன எடத்துல நான் போயித் தட்டு ஏந்துறதா? வேணாம்ணே."

நயம் எடுபடவில்லை என்று தெரிந்ததும் வேறு மாதிரிப் பேசினேன். "இந்தா பாரு. எனக்கு ஒனக்குச் சமைச்சுப் போட முடியல. அலுத்துப்போச்சு. ஊரெல்லாம் அலஞ்சுட்டு வந்து ஒனக்கு மாவு பெசஞ்சு கொடுக்க நான் என்ன ஒன் பொண்டாட்டியா? எங் கடைப் பயலுக ரெண்டு பேர் எடம் கேக்குறாங்க, ஒன் கட்டில் எனக்கு வேணும். கலாஸ். முடிஞ்சுபோச்சு."

யாரும் கட்டில் கேட்கவில்லை. அவன் என் முகத்தையே பார்த்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பான். கறுப்பில் கறுப்பைத் தைத்த கண் அது, எவ்வளவு மங்கினாலும் என்னைப் படித்துவிடும்.

"அப்படியாண்ணே" என்றான். அவ்வளவுதான்.

பிளம்பர் தம்பியும் சமையல்காரரும் வந்து அவனுடைய மெத்தையையும் பெட்டியையும் தூக்கிப் போனார்கள். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போனான். நாலே நாலு எட்டுத்தான் தூரம். டெலிவிஷனில் அந்தத் தலைவர் எதற்கு அழுதார் என்று அன்றைக்குப் புரிந்தது என்று எழுத ஆசைதான். புரியவில்லை. ஊருக்கு வந்த பிறகு என் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் குளித்து வேட்டி கட்டிக்கொண்டு எங்கும் போகாமல் ஏன் உட்கார்ந்திருந்தார் என்பதுதான் புரிந்தது.

சிங்கப்பூர் பிரிந்த பிறகு பெரிய ஊராகிவிட்டது. பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இங்கேயும் ஏழு எமிரேட் சேர்ந்து ஒரு கொடியின் கீழ் நன்றாகவே இருக்கின்றன. பக்கத்தில் சேரப் பேசிவிட்டுத் தனியே போன இடங்களும் நன்றாகவே இருக்கின்றன. சேர்ந்ததால் கெட்டவனும் இல்லை, பிரிந்ததால் கெட்டவனும் இல்லை என்று நாட்டைப் பற்றி வேண்டுமானால் சொல்லலாம். எனக்குப் படிப்பில்லை, அதற்கு மேல் தெரியாது.

டைலரின் விரல் தப்பியது. மூன்று மாதத்தில் புண் ஆறி மறுபடி மிதியில் கால் வைத்தான். நான் ரோலாவில் ஒரு ஹோட்டலில் சாப்பாட்டுக்குச் சொல்லி வைத்துவிட்டேன். கட்டில் வேண்டும் என்று சொன்ன பொய்யை நிஜமாக்கக் கடைப் பையன்கள் இருவரைக் கொண்டுவந்து படுக்க வைத்தேன். அவர்கள் ராத்திரியெல்லாம் போனில் ஹிந்திப் பாட்டுக் கேட்கிறார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை. பேச்சு குறைந்துவிட்டது.

படியில் பார்த்தால் டைலர் ஒதுங்கி எனக்கு வழிவிட்டு நிற்பான். "சாப்பிட்டீங்களாண்ணே?" என்பான். சாப்பிட்டேன் என்பேன். ஒரே தட்டில் பிசைந்து தின்ற வருஷங்களில் அவன் என்னிடம் கேட்க வேண்டியிராத கேள்வி அது.